ஐடியா வறண்டு போச்சு: கார்ட்டூன், கட்டடம், டிவி... நீங்க எதப் பாத்து வரையறீங்க?

சாயம்போன_தூரிகை:
எல்லாருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ். விளம்பரத்துக்கு மோஷன் கிராஃபிக்ஸ் பண்றதுதான் பொழப்பு. நம்ம தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு ரெண்டு நிமிஷம் ஓடற மாதிரி ஒரு அனிமேஷன் படம் பண்ணித் தரேன்னு வாய விட்டுட்டேன். விஷயம் என்னவா வேணா இருக்கட்டும் பாப்பான்னுட்டாங்க, அதுதான் வம்பே. உக்காந்தா கை தானா பின்டரெஸ்ட்டத் திறக்குது, ஒரு மணி நேரம் ஓடிருது, கடைசில பாத்தா நான் வரைஞ்சதெல்லாம் ஜப்பான் மேகம், ஜப்பான் புல்வெளி, காத்துல முடி பறக்கற ஒரு பொண்ணு. எங்கம்மா எட்டிப் பாத்துட்டு "இது எந்த ஊருடி"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் சொல்லத் தெரியல. நீங்கல்லாம் எதப் பாத்து ஐடியா புடிக்கறீங்க? கார்ட்டூனா, பழைய கட்டடமா, டிவியா, எதுவானாலும் சொல்லுங்க. "உன் மனசுக்குள்ள பாரு" டைப் அட்வைஸ் மட்டும் வேணாம், ப்ளீஸ்.

வெட்டிப்பேச்சு:
காப்பி அடிமா. எல்லாரும் அதத்தான் பண்றாங்க, வெளிய சொல்றதில்ல. ரெண்டு நிமிஷப் படத்துக்கு இவ்வளவு யோசனையா? மேகம் அழகா இருந்தா மேகம் போடு, பசங்க கைதட்டிட்டுப் போகட்டும்.

கேப்டவுன்_கோயிந்து:
வெட்டி சொல்றதுல பாதி சரி. காப்பி அடிக்கறது தப்பில்ல, ஆனா மேகத்தக் காப்பி அடிக்காதமா, அந்த மேகம் எப்படி வந்துச்சோ அதக் காப்பி அடி. நான் சென்னைல படிச்சிட்டு இங்க கேப்டவுன்ல ஒரு ஸ்டுடியோவுல லேஅவுட் பண்றேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

ஹைடி தெரியுமா, 1974ல ஜப்பான்ல வந்த டிவி சீரியல், 52 எபிசோடு. இயக்கம் தகாஹாதா, எல்லா எபிசோடுக்கும் லேஅவுட் போட்டது மியாசாகி. அதாவது ஒவ்வொரு ஷாட்லயும் கேமரா எங்க, வீடு எங்க, மலை எங்க, ஆள் எந்தப் பக்கம் நடக்கணும்னு அந்த மனுஷன் வாராவாரம் வரைஞ்சு தள்ளினாரு. இதுல முக்கியமானது என்னன்னா, படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 1973லயே ஒரு டீம் சுவிட்சர்லாந்துக்குக் கெளம்பிப் போயி நேர்ல பாத்துட்டு வந்துச்சு. வாரம் ஒரு எபிசோடு போடற டிவி கார்ட்டூனுக்கு அந்தக் காலத்துல யாரும் அப்படிப் போறதில்ல. நீ இன்னிக்குப் பாக்கற அந்த "ஜப்பான் புல்வெளி"க்கு வேரு அங்கதான் இருக்கு, ஜப்பான்காரன் வெளியூரு போயி அந்த ஊர உத்துப் பாத்தது. நீ அவன் படத்தப் பாத்து வரையற. அவன் யாரு படத்தையும் பாத்து வரையல, ஊரப் பாத்து வரைஞ்சான். உன் ஊர நீ எப்பப் பாக்கப் போற?

இன்னொண்ணு. ஹன்னா பார்பரான்னு அமெரிக்க ஸ்டுடியோ, அவங்க கார்ட்டூன்ல யோகி கரடி கழுத்துல காலரும் டையும் இருக்கும், கவனிச்சிருக்கியா? கரடிக்கு எதுக்கு டை? டிவிக்குப் பண்ணும்போது பணமும் கிடையாது நேரமும் கிடையாது, சினிமா கார்ட்டூன் மாதிரி முழு உடம்பையும் ஒவ்வொரு ஃபிரேமா வரைய முடியாது. அதனால உடம்ப அப்படியே நிறுத்திட்டு தலைய மட்டும் மாத்தி மாத்தி வரைஞ்சாங்க, தலையும் உடம்பும் ஒட்டற கோடு தெரியக்கூடாதுன்னு அங்க ஒரு காலர். அவ்வளவுதான். கஞ்சத்தனத்துல பொறந்த டிசைன் அது, ஆனா இன்னிக்கு அந்த டை இல்லாம யோகிய நெனச்சுக்கூடப் பாக்க முடியல. நான் எதப் பாத்தாலும் இந்தக் கேள்விதான் கேக்கறது: இவனுக்கு எது இல்லாமப் போச்சு, அதுக்கு என்ன வழி பண்ணான்?

மரிட்ஸ்பர்க்_மீனா:
அய்யோ ஹைடி!! சின்ன வயசுல எங்க வீட்டு டிவில ஆஃப்ரிக்கான்ஸ் மொழில பேசுவா, ரொம்ப நாளைக்கு நான் அவளை இங்க ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துப் பண்ணைப் பொண்ணுன்னே நெனச்சுட்டு இருந்தேன் 😂 ஜப்பான்காரங்க பண்ணாங்கன்னு கல்யாணத்துக்கப்புறம்தான் தெரியும்.

லெனேசியா_லதா:
மீனா ஆஃப்ரிக்கான்ஸ்னதும் எனக்கு ஒரே ஞாபகம். நான் ஜோபர்க்ல, அதான் ஜோஹன்னஸ்பர்க்ல, சப்டைட்டில் வேல பாக்கறவ, டிவிதான் எனக்கு எல்லாமே, ஆனா நம்ம ஊர் டிவி கதையே ஒரு தினுசு. தங்கச்சி தூரிகை, உனக்குத் தெரிஞ்சிருக்காது. 1969ல நிலாவுல ஆள் இறங்கினத உலகமே டிவில பாத்துச்சு, நம்ம நாட்டுல டிவியே கிடையாது, எங்கப்பா ரேடியோவுல கேட்டாராம். டிவி வந்தா சனங்க கெட்டுப்போயிரும்னு அரசாங்கம் இழுத்து இழுத்து, 1976 ஜனவரி 5ம் தேதிதான் ஒழுங்கா ஆரம்பிச்சாங்க, அதுவும் இங்கிலீஷும் ஆஃப்ரிக்கான்ஸும் மட்டும். சூலு, கோசா, சோத்தோ மொழிங்களுக்கு சேனல் வர 1982 ஆச்சு. இதுக்கு நடுவுல பிரிட்டன் நடிகர் சங்கம் ஈக்விட்டி, எங்காளுங்க நடிச்சத இனவெறி நாட்டுக்கு விக்கக் கூடாதுன்னு தடை போட்டுருச்சு, அதனால எங்கேர்ந்து எது கெடச்சாலும் வாங்கி டப்பிங் பண்ணிப் போட்டாங்க.

இப்ப நான் சொல்ல வந்தது. 1986ல ரேடியோ 2000னு ஒண்ணு வந்துச்சு. டிவில மியாமி வைஸ்னு அமெரிக்க போலீஸ் சீரியல் ஓடும், எல்லாரும் ஆஃப்ரிக்கான்ஸ்ல பேசுவாங்க, சத்தத்தக் கொறச்சுட்டு ரேடியோவப் போட்டா அதே படத்துக்கு அசல் இங்கிலீஷ் வரும். சைமல்காஸ்ட்னு பேரு. எங்க வீட்ல டிவி மேலயே ரேடியோவ வெச்சிருப்போம். படம் ஒரு பொட்டில, குரல் ஒரு பொட்டில. எங்க பாட்டிக்கு ரெண்டு மொழியும் ஆகாது, அவங்களுக்குப் பக்கத்துல எங்க சித்தப்பா உக்காந்து தமிழ்ல கதை சொல்லுவாரு. சொல்லுவாருன்னா, அவரா விடுவாரு! போலீஸ்காரன் போதைக் கும்பலத் துரத்திட்டுப் போவான், சித்தப்பா "இவன் அவன் தங்கச்சியக் கட்டிக்கறேன்னு ஏமாத்திட்டான், அதான் அண்ணங்காரன் வெரட்டறான்"னு சொல்லுவாரு. பாட்டி உச்சு கொட்டுவாங்க. அடுத்த வாரம் கதை இன்னும் மாறும், ஆனா பாட்டி ஒரு எபிசோடு விடாமப் பாத்தாங்க.

இன்னிக்கு நான் வேலைல ஒரு சீனுக்கு சப்டைட்டில் எழுதறேன்னா, அதுல ஒருத்தி சூலுல ஆரம்பிச்சு இங்கிலீஷ்ல திட்டி சோத்தோல முடிப்பா. நம்ம சோப் சீரியல் எல்லாமே அப்படித்தான். வேற நாட்டுல இருந்து வர்றவங்க இது என்னடா குழப்பம்ங்கறாங்க, நமக்கு வீட்டு ஹால் மாதிரி இருக்கு. குரலும் படமும் ஒட்டாம இருக்கற அந்த எடத்துலதான் எனக்கு எல்லா ஐடியாவும் கெடைக்குது. கோயிந்து தம்பி சொன்ன மாதிரி, இல்லாததுக்குப் பண்ண வழி.

சாயம்போன_தூரிகை:
லதாக்கா உங்க சித்தப்பா கதை சூப்பர், நான் ஆபீஸ்ல உக்காந்து சத்தமா சிரிச்சுட்டேன். கோயிந்து அண்ணா, காலர் விஷயம் தெரியாது, இனிமே எல்லா கார்ட்டூன்லயும் கழுத்தத்தான் பாப்பேன் போல. ஆனா "உன் ஊரப் பாரு"ன்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? ஃபீனிக்ஸ்ல என்ன இருக்கு, வரிசையா ஒரே மாதிரி வீடு, ரோபோ (டிராஃபிக் சிக்னலத்தான் இங்க அப்படிச் சொல்றோம்), டாக்சி ஹார்ன்.

கொத்தனார்_பேரன்:
மகளே, "ஒரே மாதிரி வீடு"ன்னு அவ்வளவு சுலபமா தள்ளிராத. நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் டிராஃப்ட்ஸ்மேன். எனக்கு டைப்பிங் மெதுவா வரும், எழுதி முடிக்கறதுக்குள்ள ராத்திரியாயிரும், பரவால்ல.

இந்த இனம் இந்த எடத்துலதான் இருக்கணும்னு குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து, டர்பன்ல கேட்டோ மேனர்லேர்ந்தும் மத்த எடத்துலேர்ந்தும் எங்கள எழுப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினாங்க, அறுபதுகள்ல. வீடுங்க எல்லாம் கவுன்சில் போட்ட பிளான், விரல்விட்டு எண்ற அளவுக்குத்தான் வகை. இன்னிக்கு அந்தத் தெருவுல நடந்து பாரு. ஒரே அச்சுல வந்த ரெண்டு வீடு ஒட்டிக்கிட்டு நிக்கும், ஒண்ணுக்கு முன்னால உருண்டத் தூண் வெச்ச வராண்டா, இன்னொண்ணுக்கு கராஜ் மேல ஒரு ரூம். நடுவுல பொதுச் சுவரு, அந்தச் சுவர் வரைக்கும் மஞ்சப் பெயின்ட், அதத் தாண்டி ஒரு இஞ்சுகூடப் போகாம பச்ச. நடுக்கூரைல ஓடு மாறும். முன்வாசல்ல ஒரு வீட்ல கொடி, ஒரு வீட்ல சிலுவை, ஒரு வீட்ல மாரியம்மனுக்கு சிரிங்கா இலை கட்டியிருக்கும், வேப்பிலை இங்க லேசுல கெடைக்காது பாரு, அதனால அதோட சொந்தக்கார மரம். நீங்க அனிமேஷன்காரங்க ஒரே மாடல வெச்சு கூட்டம் பண்றீங்களே, அதே கணக்கு. பிளான் கவுன்சிலோடது, பேச்சு எங்களோடது.

கோயிலும் அப்படித்தான். ஊர்ல கருங்கல்லு, இங்க கரும்புக்காடு. முதல்ல வந்தவங்க மண்ணு, தகரம், மரம் இத வெச்சுத்தான் கோயில் கட்டினாங்க. அப்புறம் செங்கல்லும் சுண்ணாம்பும் சிமென்ட்டும். கிஸ்தப்ப ரெட்டின்னு ஒருத்தரு இருந்தாரு, மவுன்ட் எட்ஜ்கூம்ப்ல இருக்கற பிள்ளையார் கோயில், 1890கள் கடைசில எழுந்தது, அவரு கைவேலை. போய்ப் பாரு. தமிழ்நாட்டுக் கோபுரத்த எதிர்பாத்துப் போனா சின்னதா இருக்கேன்னு தோணும். நான் அதச் சின்னதுன்னு பாக்கல, ஞாபகத்துலேர்ந்து கட்டினதுன்னு பாக்கறேன். கூலி ஒப்பந்தத்துல வந்த சனம், காசு இல்ல, கல்லு இல்ல, கையில ஃபோட்டோ இல்ல. எது மனசுல நின்னுச்சோ அது பெருசாச்சு, மறந்தது விட்டுப்போச்சு. இப்ப ஊர்லேர்ந்து ஸ்தபதிங்கள வரவழைச்சு ஆகமப்படி "சரி" பண்றாங்க. பண்ணட்டும், அழகாத்தான் இருக்கு, ஆனா எனக்கு அந்தத் தப்புக் கோபுரம்தான் புடிக்கும். கமிட்டில இதச் சொல்லி திட்டு வாங்கியிருக்கேன்.

வெட்டிப்பேச்சு:
அங்கிள், மரியாதையோட சொல்றேன். ஒவ்வொரு வருஷமும் ஆண்டு விழால இதேதான். 1860, நம்ம சனம் முதல்ல வந்து எறங்கின ட்ரூரோ கப்பல், கரும்பு வெட்டற தாத்தா, பின்னால வீணை, கடைசில கோபுரம், மேலே சூரியன். பசங்க தூங்கறாங்க, நானும் தூங்கறேன். "பாரம்பரியம்"னு பேர் வெச்சு ஒரே படத்த திரும்பத் திரும்ப எடுக்கறது மட்டும் காப்பி இல்லையா? பின்டரெஸ்ட் மேகத்துக்கு இது எவ்வளவோ மேலுன்னு நெனைக்கறீங்களா?

கேப்டவுன்_கோயிந்து:
வெட்டி இன்னிக்கு ஃபார்ம்ல இருக்காரு. ஒத்துக்கறேன். கோபுரமும் சூரியனும் கிளிப் ஆர்ட் ஆயிருச்சு.

கொத்தனார்_பேரன்:
தம்பி சொல்றது நியாயம். அதனாலதான் நான் கோபுரத்த வரையச் சொல்லல. எங்க கேட்டோ மேனர்ல அம்பலவாணர் கோயில் இருக்கு, செகண்ட் ரிவர் டெம்பிள்னு சொல்வாங்க, ஈஸ்டர் சமயத்துல தீமிதி நடக்குமே அது. இப்ப இருக்கற கோயில் 1947ல கட்டினது. அதுக்கு முந்தின கோயில் உம்பிலோ ஆத்தங்கரைல இருந்துச்சு, 1905 வெள்ளத்துல போச்சு. ஆனா அந்தப் பழைய கோயில் கதவுங்கள மீட்டு வெச்சிருந்து புதுக் கோயில்ல மாட்டியிருக்காங்க. இத எத்தன பேரு கவனிச்சீங்க? கோபுரத்த அண்ணாந்து ஃபோட்டோ புடிச்சிட்டு அந்தக் கதவத் தள்ளிக்கிட்டுத்தான் உள்ள போறோம். கோயில் போயி கதவு நிக்குது. நடுவுல நாப்பது வருஷத்துக்கு மேல அந்தக் கதவுக்கு கோயில் இல்ல. வரையறதுன்னா நான் அத வரைவேன்.

மரிட்ஸ்பர்க்_மீனா:
புல்லரிச்சிருச்சு அங்கிள். வருஷா வருஷம் தீமிதிக்குப் போறேன், ஒரு நாளும் கதவப் பாத்ததில்ல.

லெனேசியா_லதா:
அங்கிள் "ஞாபகத்துலேர்ந்து கட்டினது"ன்னீங்களே, எனக்கு எஸ்தர் மஹ்லாங்கு ஞாபகம் வந்துச்சு. என்டெபெலே இனத்துச் சுவர் ஓவியம் பண்றவங்க, 1935ல பொறந்தவங்க, 1991ல பிஎம்டபிள்யூ கார் மேல வரைஞ்சாங்களே அவங்கதான். ஸ்கேல் கெடையாது, பென்சில் அடையாளம் கெடையாது, கோழி இறகு வெச்சு நேர்கோடு இழுப்பாங்க. எங்கம்மா புள்ளி வெச்சு கோலம் போடற கையும் அதே கைதான், அவங்ககிட்டயும் ஸ்கேல் இல்ல. ஆனா நம்ம பொண்ணுங்க ஆண்டு விழாவுக்கு கோலம்னா ஸ்டிக்கர் வாங்கி ஒட்டறாங்க. சரி அது வேற சண்டை, இன்னொரு நாள் போடலாம்.

சாயம்போன_தூரிகை:
கதவு!!! அங்கிள் நான் நேத்து ராத்திரி தூங்கல. வெள்ளத்துல மெதக்கற கதவு, அது எங்க எங்க ஒதுங்கியிருக்கும்? உண்மைல எங்க இருந்துச்சோ, நான் கற்பனைல ஒரு ஓட்டம் ஓட விடறேன். யார் வீட்டுத் திண்ணைலயோ கட்டிலா கெடக்கு, ஒரு பாட்டி அது மேல மொளகா காய வெக்கறா, பசங்க சாச்சு வெச்சு சறுக்கறாங்க, ஒருத்தன் தகர வீட்டுக்குக் கூரையா போட்டுக்கறான். கதவா மட்டும் யாருமே பயன்படுத்தல. இது ஓகேவா?

பிரச்சினை என்னன்னா 2 நிமிஷம். செகண்டுக்கு 24 ஃபிரேம், டூஸ்ல, அதாவது ஒரு படத்த ரெண்டு ஃபிரேம் புடிச்சுப் போட்டாலும் செகண்டுக்கு 12 படம், மொத்தம் 1440 படம். வேலைக்கும் போயிட்டு தனியா நான் எப்ப முடிக்கறது.

கேப்டவுன்_கோயிந்து:
ஓகேவாவது, இதான் படம். அந்த 1440ல பயப்படாத. வில்லியம் கென்ட்ரிஜ் தெரியும்ல, ஜோபர்க்காரரு. 1989லேர்ந்து கரித்துண்டுல அனிமேஷன் பண்றாரு. அவரு முறை ரொம்ப எளிமை: ஒரு தாள சுவத்துல மாட்டுவாரு, கரில வரைவாரு, எதிர்ல நிக்கற கேமராவுக்கு நடந்து போயி ஒரு ஃபிரேம் எடுப்பாரு, திரும்பி வந்து கொஞ்சம் அழிச்சு கொஞ்சம் வரைவாரு, மறுபடி நடப்பாரு. ஒரு முழு சீனும் அதே தாள்ல. ஆயிரக்கணக்குல தாள் வேணாம், ஒரு படத்துக்கு சில பத்துத் தாள் போதும். கரிய எவ்வளவு தொடச்சாலும் முழுசா போகாது, ஆள் கையத் தூக்கினா கை முன்னாடி இருந்த எடத்துல சாம்பல் நெழல் நிக்கும். அத மறைக்க அவரு முயற்சியே பண்ணல, அப்படியே விட்டாரு. சுரங்கமும் இனவெறியும் தின்ன ஊருக்கு அதவிடப் பொருத்தமா வேற எதுவும் அமையாது, எதையுமே முழுசா அழிக்க முடியலன்னு ஒவ்வொரு ஃபிரேமும் காட்டுது. இதுலயும் அதே காலர் கணக்குதான் பாரு.

இன்னொரு கதை சொல்லிட்டு நிறுத்திக்கறேன். அவரோட 1991 படம் ஒண்ணுல சுரங்க முதலாளி படுக்கைல உக்காந்து காபி குடிப்பான், காபி வடிகட்டற அந்த பிளஞ்சர் இருக்கே, அத அழுத்தினா அது தட்டத் துளைச்சு, கட்டிலத் துளைச்சு, பூமிக்குள்ள சுரங்கம் வரைக்கும் எறங்கும். அத அவரு முன்கூட்டி யோசிச்சு வெக்கல, ஸ்டுடியோவுல அன்னிக்குக் கைக்கெட்டின எடத்துல காபிப் பாத்திரம் இருந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. ஸ்டோரிபோர்டு போட்டு கிளையன்ட்டுக்குக் காட்டி ஓகே வாங்கற நம்ம பொழப்புல இப்படி ஒண்ணு நடக்கவே நடக்காது. ஆண்டு விழாவுக்கு கிளையன்ட் கெடையாது, அத விட்றாத.

வெட்டிப்பேச்சு:
ஒரு சந்தேகம், கலாய்க்கல. பாக்கப்போறது அஞ்சு வயசு ஏழு வயசுப் பசங்க. கருப்பு வெள்ளைல கரிக்கோடு, வெள்ளம், போன கோயில். அழுதுட மாட்டாங்களா? இதே கேப்டவுன்லதான டகலானி செசமிங்கற குழந்தைங்க டிவி நிகழ்ச்சிக்கு பொம்மை வெச்சு ஸ்டாப் மோஷன் பண்ண ட்ரிகர்ஃபிஷ் ஸ்டுடியோ இருக்காங்க, அப்புறம் சாம்பேசியா, கும்பான்னு பெரிய படமே எடுத்தாங்க. 2023ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்த சூப்பா டீம் 4 பாரு, லுசாக்கா ஊரு, நாலு பள்ளிக்கூடப் பொண்ணுங்க, கலர் கண்ணப் பறிக்கும். எழுதினது ஜாம்பியாக்காரப் பொண்ணு, சின்ன வயசுல பாத்த கார்ட்டூன்ல தன்னைய மாதிரி ஒருத்திகூட இல்லைன்னு ஆரம்பிச்சது. அது ஊரப் பாத்து வரைஞ்சது இல்லையா? ஊருன்னாலே கரியும் சோகமும்தான்னு யாரு சொன்னா?

லெனேசியா_லதா:
வெட்டி, நீங்க தெரியாம நல்லாப் பேசறீங்க. கலர்தானே, கதவு மட்டும் கலர்ல இருக்கட்டும், சுத்தி இருக்கறது கரில. நம்ம ஊர்க் கோயில் பெயின்ட்டு கலர், அந்தப் பளபள பச்சையும் ரோஸும். சோகத்துக்கு மருந்து எங்க சித்தப்பா! தங்கச்சி, பின்குரல் யாரு கொடுக்கறா? வீணையும் "அன்றொரு நாள்"னு கணீர் குரலும் வேணாம். படத்துல ஒண்ணு நடக்கட்டும், கதை சொல்றவரு வேற சொல்லட்டும். கதவு ஆத்துல மெதக்குது, "இது முதலை"ங்கறாரு. பாட்டி மொளகா காய வெக்கறா, "முதலைக்கு சளி, மொளகா போட்டு வைத்தியம்"ங்கறாரு. பசங்க ஸ்க்ரீனப் பாத்து "இல்ல தாத்தா அது கதவு!"ன்னு கத்துவாங்க. கத்தணும். தமிழ் வராத பசங்ககூட "கதவு"ன்னு ஒரு வார்த்தையாச்சும் கத்திட்டுப் போகும்.

மரிட்ஸ்பர்க்_மீனா:
அய்யோ இது நடந்தா நான் மரிட்ஸ்பர்க்லேர்ந்து பாக்கி வண்டில (பிக்கப் டிரக்) கும்பலா ஆள ஏத்திட்டு வரேன்.

வெட்டிப்பேச்சு:
முதலை நல்லா இருக்கு. கைதட்டறேன், வேற வழியில்ல. அந்தத் தாத்தா குரல் வேணும்னா நான் குடுக்கறேன், பொய் சொல்றது நமக்கு நல்லா வரும்.

சாயம்போன_தூரிகை:
வெட்டி அண்ணா புக் பண்ணிட்டேன், பின்வாங்கக் கூடாது! லதாக்கா, கலர் கதவு ஐடியா எடுத்துக்கறேன். கதவ மட்டும் தனியா வெட்டின அட்டைல பெயின்ட் பண்ணி கரித் தாள் மேல வெச்சு நகத்தலாம்னு தோணுது, அப்ப கதவு அழியாது, மத்தது எல்லாம் அழிஞ்சு அழிஞ்சு மாறும். கோயிந்து அண்ணா, செட்டப்புக்கு என்ன வேணும்? என்கிட்ட ஃபோன்தான் இருக்கு.

கேப்டவுன்_கோயிந்து:
ஃபோன் போதும். ஸ்டாண்ட் ஆடக்கூடாது, முடிஞ்சா சுவத்தோட டேப் போட்டு ஒட்டிரு. எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூணையும் மேனுவல்ல லாக் பண்ணு, இல்லன்னா ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் துடிக்கும், பசங்களுக்குத் தலவலி. பகல் வெளிச்சத்த நம்பாத, டர்பன் மேகம் நிமிஷத்துக்கு ஒண்ணு மாறும், ஜன்னல கெட்டித் துணி போட்டு மூடிட்டு ரெண்டு விளக்கு ரெண்டு பக்கமும் சாய்வா வை. விளக்கு பேட்டரில ஓடறதா இருக்கட்டும், பாதி ஷாட்ல கரன்ட் போனா அந்த வெளிச்சம் திரும்ப வராது. தாள் தடிமனா, கொஞ்சம் சொரசொரப்பா வாங்கு, மெல்லிசத் தாள் நாலு தடவ அழிச்சா பஞ்சாயிரும். வெள்ளத்த டூஸ்ல போடு, பாட்டி மொளகா காய வெக்கற சீனுக்கு ஒரு படத்த நாலு ஃபிரேம்கூடப் புடி, ஒண்ணும் ஆகாது. கதை சொல்ற குரல முதல்ல ரெக்கார்டு பண்ணிரு, அப்புறம் வரை.

கொத்தனார்_பேரன்:
மகளே, கதவ அளந்து வரையணும்னா கோயில் கமிட்டிகிட்ட முதல்ல ஒரு வார்த்த கேட்டுரு, பூஜை நேரத்துல டேப்ப எடுத்துக்கிட்டுப் போய் நிக்காத. ஞாயித்துக்கிழம கூட்டமா இருக்கும். வார நாள் காலைல போலாம், நானும் வரேன், அளவு நான் எடுத்துத் தரேன். என்ன, மலையேத்தத்துல என் கார் மக்கர் பண்ணும், நீ வந்து ஏத்திக்கோ.

சாயம்போன_தூரிகை:
புதன்கிழமை லீவு போட்டுட்டேன் அங்கிள். எட்டரைக்கு வாசல்ல இருப்பேன், உங்க வீட்டு அட்ரஸ இங்க போடாதீங்க, தனியா மெசேஜ் பண்ணுங்க.